நான்காம் அத்தியாயம்: பாதிக்கப்படுவோர் யாவர்?

ஓர் அணையையோ நெடுஞ்சாலையையோ சுரங்கத்தையோ நிர்மாணிக்க உத்தேசிக்கும் சர்க்கார், அதன் உயரம் என்ன, நீளம் என்ன, செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு என்னும் வினாக்களுக்கு விடை காண என்ஜினீயர்களையும் பொருளாதார நிபுணர்களையும் நியமித்து, அவர்கள் தரும் கணக்குகளைப் பல கட்டங்களில் சரிபார்த்த பின்னரே பணத்தைச் செலவிட முன்வருகிறது. ஆனால் அதே காரியத்தினால் எந்த மனிதனுடைய எந்த உரிமை குன்றும், எவ்வளவு காலத்திற்குக் குன்றும், குன்றியதை மீட்டுக் கொடுக்க வழி உண்டா என்னும் வினாவை மட்டும் பெரும்பாலும் அஸ்திவாரம் போட்ட பிறகே கேட்கிறது. மனித உரிமைத் தாக்க மதிப்பீடு என்று இந்நூலில் நாம் வழங்கும் ஆராய்ச்சி, இந்தப் பின்னைய வினாவையும் முன்னைய வினாக்களோடு ஒரே சமயத்தில், தீர்மானம் இன்னும் மாற்றத்தக்க நிலையில் இருக்கும்போதே எழுப்புவதற்காக ஏற்பட்டது.

இவ்வாராய்ச்சியை வரவு செலவுக் கணக்கின் ஒரு பிரிவாகக் கருதிவிடுவது, புதிதாக இத்துறைக்கு வருவோரிடம் காணப்படும் முதற் பிழை. வரவு செலவுக் கணக்கு ஆயிரம் பேர் பெறும் நன்மையினின்று நூறு பேர் அடையும் தீமையைக் கழித்து, மிஞ்சுவது நன்மையாயின் திட்டம் நல்லது என்று தீர்ப்புச் சொல்லிவிடும். உரிமையின் கணக்கிலோ அந்தக் கழித்தலுக்கு இடமே இல்லை. ஒருவனுடைய குடிநீரையும் உறைவிடத்தையும் ஜீவனோபாயத்தையும் மற்றொருவனுடைய மின்விளக்கோடு சேர்த்துக் கூட்டிக் கழித்தல் நியாயமன்று என்பதே உரிமை என்னும் கருத்தின் உட்பொருளாம். பம்பாய் நடைபாதை வாசிகளின் வழக்கில் 1985-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையினுள் ஜீவனத்திற்கான வழியும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1979 ஏப்ரலில், இந்தியா ஐக்கிய நாடுகள் சபையின் இரண்டு உரிமை உடன்படிக்கைகளிலும் தன்னை இணைத்துக்கொண்டு, உணவு, உறையுள், உடல்நலம், கல்வி, தொழில் ஆகியவற்றைத் தன் பிரஜைகளின் உரிமைகளாக ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே மதிப்பீடு செய்பவர் எவருடைய தயவையும் நாடி நிற்பவர் அல்லர். ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட கடமை நிறைவேறுமா என்று சோதிப்பவர்.

முறைகளைச் சூத்திரங்களாக எடுத்துரைப்பதைக் காட்டிலும், அவை இல்லாமையால் விளைந்த கேட்டையும், காலங்கடந்தேனும் அவற்றைப் பிரயோகித்ததால் வெளிப்பட்ட உண்மையையும் ஒரு மெய்யான வரலாற்றைக் கொண்டு விளக்குவதே பிரயோஜனமானது என்பது என் அபிப்பிராயம். அதற்கு நர்மதை நதியின் சர்தார் சரோவர் அணையினும் தக்கதோர் உதாரணம் நம் தேசத்தில் இல்லை.

நர்மதை அணையும் மோர்ஸ் குழுவும்

1961 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அத்திட்டம், நதிநீரைப் பங்கிட்டுக் கொள்வதில் மாநிலங்களிடையே எழுந்த விவாதத்தால் நெடுங்காலம் தடைப்பட்டு, 1969-இல் அமைக்கப்பட்ட நர்மதை நீர்த் தகராறு நியாயசபை 1979 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பினால் மறுபடி உயிர் பெற்றது. அத்தீர்ப்பு அக்காலத்திற்கு மிகவும் முற்போக்கானது என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்: நிலம் இழப்போருக்குப் பணம் மட்டும் போதாது, நிலமே தரப்பட வேண்டும், தம் நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம் உண்டு, வயது வந்த மகன் தனிக் குடும்பமாகவே கொள்ளப்படுவான், குடியேற்றம் முடிந்த பிறகன்றி எந்த ஊரும் நீரில் மூழ்கலாகாது என்றெல்லாம் அது விதித்தது. உலக வங்கிக்கும், பிறந்த மண்ணினின்று பெயர்க்கப்படுவோரைப் பற்றி 1980-இலும் பழங்குடியினரைப் பற்றி 1982-இலும் தானே வகுத்துக்கொண்ட விதிகள் இருந்தன. இத்தனை இருந்தும், 1985-இல் அவ்வங்கி 45 கோடி டாலர் கடன் தர இசைந்தபோது, நீரில் மூழ்கும் பிரதேசத்தில் யார் யார் வாழ்கிறார்கள், எதைக் கொண்டு வாழ்கிறார்கள் என்னும் அடிப்படை விவரம் முழுமையாகச் சேகரிக்கப்பட்டிருக்கவில்லை. நல்ல விதி இருந்தது. அந்த விதி எவருக்குப் பொருந்தும் என்று அறிவார் இல்லை. இதனையே இவ்வத்தியாயம் முழுவதும் வாசகர் நினைவில் இருத்த வேண்டும்.

நர்மதைப் பள்ளத்தாக்கு ஜனங்களின் இடைவிடாத போராட்டத்தின் பயனாக, உலக வங்கியின் தலைவர் 1991-இல் ஒரு சுதந்திர ஆய்வுக் குழுவை நியமித்தார். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்டு மோர்ஸ் அதன் தலைவர். கனடா நாட்டு நீதிமானாகிய தாமஸ் பெர்ஜர் துணைத் தலைவர். அவர்கள் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கு நேரில் சென்று, அதிகாரிகளையும் எதிர்ப்பாளர்களையும் ஒருங்கே விசாரித்து, வங்கியின் கோப்புகளைப் படித்து, 1992 ஜூனில் அளித்த அறிக்கை, இன்றிருக்கும் நிலையில் இடம்பெயர்வோர் அனைவருக்கும் மறுவாழ்வு அளித்தல் இயலாது என்றும், சுற்றுச்சூழல் விளைவுகள் தக்கபடி ஆராயப்படவில்லை என்றும், வங்கி இத்திட்டத்தினின்று பின்வாங்கி நின்று மறுபடி சிந்திப்பதே முறை என்றும் கூறியது.

கணக்கில் வாராதவர்கள்

அவ்வறிக்கை நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது, பாதிக்கப்படுவோர் என்னும் பட்டியலை வரையும் இடத்திலேயே அநீதி தொடங்கிவிடுகிறது என்பதாகும். மத்தியப் பிரதேசத்தில் 193, மகாராஷ்டிரத்தில் 33, குஜராத்தில் 19 என 245 கிராமங்கள் நீர்த்தேக்கத்தால் தீண்டப்படும் என்பது அதிகார பூர்வமான கணக்கு. அவற்றுள் குறைந்தது ஒரு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ஆயின் அக்கிராமங்களினுள்ளேயே கணக்கில் வந்தவர், வாராதவர் என இரு வகுப்பினர் இருந்தனர். மலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிட்டு வந்த பில், பிலாலா முதலிய பழங்குடியினர் பலரிடம் அந்நிலத்துக்குரிய பட்டா இல்லை. அந்நியர் ஆட்சியில் அவர்களுடைய நிலங்கள் அரசாங்க வனம் என்று ஒரு கையெழுத்தால் அறிவிக்கப்பட்டுவிட்டமையால், தம் பாட்டன் உழுத மண்ணிலேயே அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். நிலத்துக்கு நிலம் என்று நியாயசபை விதித்த பெருந்தன்மையான விதி, நிலம் உள்ளவர் என்று காகிதத்தில் நிரூபிக்கத் தக்கவருக்கே பயன்பட்டது. 1987-இல் குஜராத் மட்டும் பட்டா இல்லாத அப்பழங்குடியினருக்கும் நிலமற்ற கூலிகளுக்கும் 2 ஹெக்டேர் நிலம் தருவதாக ஒப்புக்கொண்டது. மற்ற இரு மாநிலங்களும் அவ்வாறு இசையவில்லை. ஒரே நதியின் இரு கரைகளில், ஒரே மொழி பேசி, ஒரே வகை நிலத்தை இழந்த இருவருக்கு, மாநில எல்லை என்னும் ஒரே காரணத்தால் இருவேறு கதி நேர்ந்தது. பின்னாளில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், இத்தகையோருக்கு இழைக்கப்பட்டது சரித்திர பூர்வமான அநீதி என்று தன் முகவுரையிலேயே கூறி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தைத் தாமே உழுதுவந்த பழங்குடியினருக்கு அந்நிலத்தின்மீது உரிமையை அங்கீகரித்தது. ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டவர் உரிமையாளராகவே இருந்தார் என்று சட்டம் ஒப்புக்கொள்வதற்குள், அணை நூறு மீட்டருக்கு மேல் எழும்பிவிட்டது.

நீரில் மூழ்கும் எல்லைக்கு வெளியேயும் பலர் விடுபட்டிருந்தனர். அணையினின்று ராஜஸ்தான் எல்லை வரையில் சுமார் 450 கிலோமீட்டர் ஓடும் பிரதான கால்வாயும் அதன் கிளைகளும் ஏறத்தாழ 1,40,000 விவசாயிகளின் நிலத்தைத் தொடும் என்று மோர்ஸ் குழு மதிப்பிட்டது. அவர்களோ திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களாகவே கருதப்படாமல், 1894-ஆம் ஆண்டின் பழைய நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி ரொக்கம் பெற்று ஒதுங்க வேண்டியவர்களாக இருந்தனர். அணை கட்டும் ஊழியர்களுக்குக் குடியிருப்பு அமைப்பதற்காக 1961-லேயே அணைக்கு அருகிலுள்ள கேவடியாவைச் சுற்றி ஆறு ஊர்களில் நிலம் எடுக்கப்பட்டது; நியாயசபையின் தீர்ப்பு நீரில் மூழ்குவோரைப் பற்றியே பேசியதாலும், அந்த நிலம் நீரில் மூழ்காமல் கட்டடங்களின் அடியில் போனதாலும், அங்கிருந்தோர் அத்தீர்ப்பின் பலனுக்குப் புறம்பாயினர். அணைக்குக் கீழே, நதி கடலோடு கலக்கும் பரூச் பகுதியில், உள்ளம் என்று நம் கடற்கரையோர் வழங்கும் ஹில்சா மீனைப் பிடித்துப் பிழைக்கும் மீனவர்களின் கதி என்னாகும் என்று எவரும் ஆராயவே இல்லை. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அளவு மாறினால் அந்த மீனின் வரவு குன்றும் என்பதை அறிவதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

இவ்விடத்தில் வாசகர் கைக்கொள்ளத்தக்க முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். திட்டத்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அதன் எல்லைக்கோட்டினுள் இருக்கும் வீடுகளை எண்ணுதல் கணக்கெடுப்பு ஆகாது. அணையாயின் நதியின் தலையினின்று கழிமுகம் வரையிலும், தொழிற்சாலையாயின் அது நீர் எடுக்கும் இடம் முதல் கழிவை விடும் இடம் வரையிலும், சாலையாயின் அது எடுத்துக்கொள்ளும் நிலத்தை மட்டுமின்றி அது பிளந்துவிடும் வயல், பாசன வாய்க்கால், பள்ளிக்கூடத்து வழி, சுடுகாட்டு வழி ஆகிய அனைத்தையும் கால்நடையாகவே சென்று பார்த்தல் வேண்டும். தாசில்தார் அலுவலகத்துச் சிட்டாவும் அடங்கலும் நல்ல தொடக்கமே அன்றி முடிவல்ல. அவற்றில் பெயர் காணாதவர்களையே முதலில் தேட வேண்டும்: வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவர், வாரத்துக்கு உழுபவர், புறம்போக்கில் குடிசை கட்டியிருப்பவர், மேய்ச்சல் நிலத்தை நம்பி ஆடு வளர்ப்பவர், ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வந்து கிடை போடும் கீதாரிகள், ஏரியில் மீன் பிடிப்பவர், பனை ஏறுபவர், கரையில் துணி வெளுப்பவர், மண்பாண்டத்துக்குக் களிமண் எடுப்பவர், கணவன் பெயரில் பட்டா இருக்கத் தாமே உழைத்து நிலத்தைக் காக்கும் பெண்கள், கணவனால் கைவிடப்பட்டுத் தாய் வீட்டு மூலையில் வாழ்பவர்கள். ஒரு பருவத்தில் மட்டும் சென்றால் ஒரு பருவத்து ஜனங்களே கண்ணில் படுவர்; ஆகையால் விதைப்புக் காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செல்லுதல் அவசியம். பட்டியல் முடிந்தது என்று தோன்றும்போது, அதை ஊரார் நடுவே உரக்க வாசித்து, இதில் விடுபட்டவர் யார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு வரும் விடைகள், அதற்கு முன் சேகரித்த விவரங்கள் அனைத்திலும் மேலான மதிப்புடையவை.

2013-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம், நில உடைமையாளரோடு, அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைத்துவரும் கூலியாட்களையும் குத்தகைதாரரையும் கைவினைஞரையும் பாதிக்கப்படும் குடும்பமாகவே கொள்கிறது. நர்மதையில் நேர்ந்த தவறு ஓரளவு சட்டத்தில் திருத்தப்பட்டிருக்கிறது. ஆயினும் தம் மூன்றாண்டு உழைப்பைக் கூலியாள் எவ்வாறு நிரூபிப்பது என்னும் சங்கடம் தீர்ந்தபாடில்லை. அண்டை அயலாரின் வாக்குமூலம், ஊரக வேலைத் திட்டத்து அட்டை, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடப் பதிவேடு முதலியவற்றை மதிப்பீடு செய்பவரே திரட்டிக் கோத்து வைத்தல் நலம்.

எந்த உரிமை, எவ்வளவு கடுமை

பட்டியல் அமைந்த பிறகு, ஒவ்வொரு வகுப்பினரும் இழக்கக்கூடியதை உரிமையின் பெயரிட்டு எழுத வேண்டும். நிலம் போகிறது என்று எழுதுவதோடு நிற்பது போதாது. நிலத்தோடு உணவு போகிறதா, வனத்தில் இலவசமாகக் கிடைத்த விறகும் தழையும் மருந்தும் மஹுவாப் பூவும் போகின்றனவா, குடிநீருக்குப் பெண்கள் நடக்கும் தூரம் கூடுகிறதா, புதிய ஊரில் பள்ளிக்கூடம் உண்டா, உற்றார் உறவினர் ஒரே இடத்தில் குடியேறுவார்களா அல்லது பத்து ஊர்களில் சிதறுவார்களா, தெய்வத்தின் இடம் என்னாகிறது என்றெல்லாம் வினவ வேண்டும். விலை மதிப்பிட முடியாதவை என்ற காரணத்தால் இவற்றை விட்டுவிடும் வழக்கம் அரசாங்க அறிக்கைகளில் வேரூன்றியிருக்கிறது. விலை இல்லாத பண்டமே ஏழையின் பெரும் சொத்து. சந்தையில் வாங்க நேர்ந்த பின்னரே அதன் மதிப்பு அவனுக்குப் பணமாகத் தெரியவருகிறது.

பல தீமைகளுள் எதனை முதலில் கவனிப்பது என்பதற்கு, 2011 ஜூனில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கவுன்சில் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகள் தெளிவானதோர் அளவுகோலைத் தருகின்றன. தீமையின் கனம் எவ்வளவு, அது எத்தனை பேரைத் தொடுகிறது, நேர்ந்த பின் பழைய நிலைக்கு மீட்க இயலுமா என்னும் மூன்றையும் நோக்கிக் கடுமையை நிர்ணயிக்க வேண்டும் என்பது அந்நெறி. இம்மூன்றனுள் கடைசியானதற்கே நான் அதிக முக்கியத்துவம் தருவேன். தூசியால் கெட்ட பயிருக்கு ஈடு கொடுக்கலாம். வற்றிய ஊற்றுக்கும், நீரில் மூழ்கிய கோயிலுக்கும், படிப்பை நிறுத்திய பெண்ணின் கழிந்த ஆண்டுகளுக்கும் ஈடு ஏது? எண்ணிக்கை சிறிது என்பதற்காக மீளா நஷ்டத்தைப் பட்டியலின் அடியில் தள்ளும் மதிப்பீடு, தன் உத்தேசத்தையே மறந்ததாகும்.

கேட்கும் முறை

கணக்கெடுப்பு எத்துணைச் செம்மையாயினும், பாதிக்கப்படுவோர் வாய் திறந்து பேசாத மதிப்பீடு பிறரைப் பற்றிய வதந்தியே. இதற்குரிய முன்மாதிரியை, நர்மதைக்கு வருமுன்பே தாமஸ் பெர்ஜர் தம் தேசத்தில் நிலைநாட்டியிருந்தார். ஆர்க்டிக் கடற்கரையினின்று மெக்கென்சி ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக இயற்கை வாயுவைக் கொண்டுவரும் குழாய்த் திட்டத்தைப் பற்றி 1974 முதல் 1977 வரை அவர் விசாரித்தபோது, தலைநகரத்து மண்டபத்தில் நிபுணர்களை அழைத்துக் கேட்டதோடு திருப்தியடையாமல், 35 குடியிருப்புகளுக்குத் தாமே சென்று, ஆதிகுடிகள் தத்தம் மொழியிலேயே சாட்சியம் சொல்லும்படி ஏற்பாடு செய்தார்; அன்றாட நடவடிக்கைகளை அம்மொழிகளிலேயே வானொலி ஒலிபரப்பியது; எதிர்த் தரப்பினர் தம் வாதத்தைத் தயாரிப்பதற்கு அரசாங்கப் பணமே அளிக்கப்பட்டது. பூர்வகுடிகளின் நில உரிமை தீர்க்கப்படும் வரையில் பத்து ஆண்டுகளுக்குக் குழாய் அமைக்கலாகாது என்பது அவர் கண்ட முடிவு. கேட்பவர் பேசுபவரின் இடத்துக்குச் செல்லுதல், பேசுபவரின் மொழியில் கேட்டல், பேசுவதற்கு வேண்டிய சாதனத்தையும் காலத்தையும் அளித்தல் ஆகிய மூன்றும் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளன.

நம் தேசத்தில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. அந்த முப்பது நாட்களில் பல நூறு பக்கமுள்ள ஆங்கில அறிக்கையை ஓர் உழவன் எவ்வாறு படிப்பான்? 2020-இல் அவ்வறிவிக்கைக்கு மாற்றாக வெளியிடப்பட்ட வரைவு, முதலில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே வந்தமையால், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. ஆகவே தமிழ் நாட்டில் மதிப்பீடு செய்வோர், முழு அறிக்கையின் சாரத்தை ஊர் வழக்கிலுள்ள தமிழில் எழுதி, எழுத்தறியாதார்க்கு வாசித்துக் காட்டி, இரண்டு வாரமேனும் அவர்கள் தம்முள் பேசிக்கொள்ள இடம் விட்டு, அதன் பின்னரே கூட்டம் கூட்ட வேண்டும். அறுவடை நாளில் கூட்டலாகாது. போலீஸ் வேன் நிற்கும் வாசலில் கூட்டலாகாது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்த பிறகு வாய் திறக்கத் தயங்கும் பெண்களையும் சேரி மக்களையும் தனியே, அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து கேட்க வேண்டும். சாட்சியம் சொன்னவருக்குப் பின்னால் தீங்கு நேரக்கூடும் என்ற ஐயம் சிறிதளவு இருப்பினும், அவர் பெயரை அறிக்கையில் எழுதாமல் குறியீட்டால் குறிப்பிட்டு, அசல் குறிப்புகளை வேறிடத்தில் பத்திரப்படுத்துதல் மதிப்பீடு செய்பவரின் தர்மம்.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் நடந்ததை இதனோடு வைத்து நோக்குக. டோங்கிரியா கொந்த் என்னும் பழங்குடியினர் தெய்வத்தின் இருப்பிடமாகப் போற்றும் அம்மலையில் பாக்சைட் வெட்டியெடுக்க எழுந்த முயற்சியைக் குறித்து, 2013 ஏப்ரல் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அவ்விடத்துக் கிராம சபைகளே தம் வன உரிமையையும் சமய உரிமையையும் பற்றித் தீர்மானிக்கட்டும் என்று கூறி, ஒவ்வொரு கூட்டத்தையும் நீதித் துறை அதிகாரி ஒருவர் உடனிருந்து கவனிக்கும்படி பணித்தது. அவ்வாண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூடிய 12 கிராம சபைகளும் ஒன்று தவறாமல் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சர்க்காரும் அனுமதி மறுத்தது. அந்த ஜனங்கள் தம் மொழியில், தம் மலையில், அச்சமின்றிப் பேசினார்கள். பேசிய பேச்சுக்குப் பலன் இருந்தது. பலனில்லாத கேள்வியைக் கேட்பது ஜனங்களின் காலத்தைக் களவாடுவதற்கு ஒப்பாகும் என்பதை மதிப்பீட்டுக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேண்டாம் என்னும் முடிவு

மேற்கூறியதனின்று மற்றொரு விதி பிறக்கிறது. திட்டம் நடந்தே தீரும் என்ற நிச்சயத்தோடு, தீமையை எவ்வாறு குறைக்கலாம் என்று மட்டும் ஆராய்வது பாதி ஆராய்ச்சியே. வேறிடம் உண்டா, சிறிய அளவில் செய்யலாமா, செய்யாமலே விடலாமா என்னும் மூன்றையும் உண்மையான சாத்தியங்களாகக் கொண்டு எழுத வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது: ஆறு மாதங்களுக்குள் சமூகத் தாக்க மதிப்பீட்டை முடித்து, உள்ளூர் மொழியில் வெளியிட்டு, சர்க்காரைச் சாராத சமூக விஞ்ஞானிகளும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் மறுவாழ்வு நிபுணர்களும் அடங்கிய குழுவின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும்; கிடைக்கும் நன்மை சமூகத்தின் நஷ்டத்தைவிடக் குறைவு என்று கண்டால் திட்டத்தைக் கைவிடும்படி அக்குழு பரிந்துரைக்கலாம்; அதை மீறிச் செல்ல விரும்பும் சர்க்கார் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மதிப்பீட்டுக்குப் பணம் தருபவர் யார் என்பதும் இங்கே விசாரிக்கத்தக்கது. திட்டத்தின் சொந்தக்காரரே கூலி தந்து அமர்த்தும் ஆலோசகர், அத்திட்டம் வேண்டாம் என்று எழுதுவது மிக அரிது. மோர்ஸ் குழுவுக்கும் பணம் தந்தது உலக வங்கியே. ஆயினும் அக்குழு வங்கியின் அதிகாரிகளுக்குக் கீழ்ப்படியாமல், விரும்பிய கோப்பைப் பார்க்கவும், விரும்பிய இடம் செல்லவும், கண்டதைக் கண்டபடி வெளியிடவும் சுதந்திரம் பெற்றிருந்தது. அந்தச் சுதந்திரங்கள் எழுத்தில் உறுதியாகாத மதிப்பீட்டுப் பணியை ஏற்றுக்கொள்ளாதிருப்பதே நேர்மையானவருக்கு அழகு.

மோர்ஸ் குழுவின் அறிக்கைக்குப் பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வங்கியின் இயக்குநர் சபை 1992 அக்டோபரில் சில நிபந்தனைகளோடு கடனைத் தொடரவே தீர்மானித்தது. 1993 மார்ச்சு இறுதியில், எஞ்சியிருந்த 17 கோடி டாலரை இந்தியாவே வேண்டாம் என்று கைவிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், பாதிக்கப்பட்டோர் நேரடியாக முறையிடத்தக்க ஆய்வுக் குழு ஒன்றை வங்கி நிரந்தரமாக அமைத்தது. அணையோ நிற்கவில்லை. 2000 அக்டோபர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் கட்டுமானத்தைத் தொடர அனுமதித்தது. நீதிபதி பரூச்சா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 138.68 மீட்டர் உயரத்தில் முற்றுப்பெற்ற அணை 2017 செப்டம்பர் 17-இல் தேசத்திற்கு அர்ப்பணிக்கப்பட்டது. சிறந்த மதிப்பீடும் காலந்தாழ்ந்து வருமாயின், அது காக்க நினைத்தவர்களைக் காக்க இயலாது போகும். அது பிற்காலத்தவருக்கே பயன்படும்.

கொள்கைகளை ஆராய்தல்

அணைக்கு ஓர் இடம் உண்டு; கொள்கைக்கு இடம் இல்லை. ரேஷன் கடையில் பொருள் வாங்க இனிக் கைரேகை வைக்க வேண்டும் என்றோ, ஒரு மானியம் இனி வங்கிக் கணக்கில் சேரும் என்றோ வெளியாகும் உத்தரவு எந்த வீட்டையும் இடிப்பதில்லை ஆகையால், அதனால் விளையும் தீங்கு கண்ணுக்குப் புலனாவதில்லை. இங்கே மதிப்பீடு செய்பவர், உத்தரவின்படி ஒரு பயனாளி கடக்க வேண்டிய படிகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொரு படியிலும் இடறக்கூடியவர் யார் என்று கேட்க வேண்டும். செங்கல் சூளையிலும் கல்லுடைப்பிலும் தேய்ந்த விரலில் ரேகை பதியாது; முதியவருக்கும் தொழுநோய் கண்டவருக்கும் அவ்வாறே; மலையூரில் சிக்னல் கிடைக்காது; நடக்க மாட்டாதவருக்காக வேறொருவர் வர முடியாது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26-இல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மானியங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று அனுமதித்தபோதும், மெய்யான பயனாளி எவரும் விலக்கப்படலாகாது என்ற கவலையைப் புறக்கணிக்கவில்லை. கைரேகை பொருந்தாதவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க அந்தக் கடையிலேயே என்ன மாற்று ஏற்பாடு உண்டு, அதனை மறுக்கும் ஊழியர்மீது யாரிடம் முறையிடுவது என்னும் இரு வினாக்களுக்கு விடையில்லாத கொள்கை, உரிமையின் சோதனையில் தேறாது.

தமிழ் நாட்டு வாசகருக்கு ஒரு வார்த்தை

நம் மாநிலத்தில் இப்பணியில் இறங்குவோர், எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்படுகிறது என்பதையே முதன்முதலில் விசாரித்தறிய வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் முதலிய 13 மத்தியச் சட்டங்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமன்று. அவற்றோடு, தமிழக அரசு அச்சட்டத்தில் 105-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, தொழிற்சாலைகளுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம், மாநில நெடுஞ்சாலைகளுக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றின்கீழ் எடுக்கப்படும் நிலங்களையும் விலக்கியது. அதனைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றபோது, சட்டமன்றம் வேறொரு சட்டத்தால் அதற்கு மீண்டும் உயிரூட்டியது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றுக்கொண்டது. இதனால் இங்கே பெரும்பாலான சாலைகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நிலம் எடுக்கும்போது, பாதிக்கப்படுவோர் யாவர் என்று கேட்கும் கடமை சட்டப்படி எவருக்கும் இல்லை.

ஆதலால் அக்கடமையை ஊராரே மேற்கொள்ள வேண்டும். அதிகாரியின் அறிவிப்புக்காகக் காத்திராமல், நிலம் அளக்க ஆள் வருகிறான் என்ற செய்தி காதில் விழுந்த அன்றே, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விரிவான திட்ட அறிக்கையைக் கேட்டு விண்ணப்பியுங்கள். மேலே கூறிய முறைப்படி பட்டா உள்ளவர், இல்லாதவர் அனைவரையும் சேர்த்துப் பட்டியல் எழுதுங்கள். கிராம சபையில் அதனை வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியைக் கலெக்டரிடம் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொண்டு, மற்றொரு பிரதியை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.